முட்டைப் பந்தின் இலக்கணம்

றக்பிப் பந்தயத்தை முதன்முறை காண்போர், ‘இது விளையாட்டா, வீதிச் சண்டையா?’ என்று வினவுவது இயல்பு. பக்கத்துக்கு 15 பேராக 30 பேர் ஒரு முட்டைவடிவப் பந்தின்மேல் விழுந்து புரளும்போது வேறு எதைத்தான் வினவுவது? ஆயினும், அன்பர்களே, இக்கூத்துக்கும் நன்னூற் சூத்திரம்போல் இறுகிய இலக்கணம் உண்டு.

முதற் சூத்திரம்: பந்தைக் கையால் முன்னே எறிதல் ஆகாது. ஏந்திக்கொண்டு முன்னே ஓடலாம், காலால் உதைக்கலாம், தோழனுக்கு எறிவதாயின் அவன் பக்கத்திலோ பின்னாலோ நிற்றல் வேண்டும். முன்னேற விரும்புவோன் பின்னால் வருபவனை மறத்தலாகாது என்பது இதன் உட்பொருள். நமது சங்கங்களின் தலைவர்களுக்கு இவ்விதியைச் சிபாரிசு செய்கின்றோம்!

இரண்டாவது: எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தினால் 5 புள்ளி. இதற்கு ‘ட்ரை’, அதாவது ‘முயற்சி’ என்று பெயர். வெற்றியை முயற்சி என்பானேன்? ஆதியில் இச்செயலுக்குப் புள்ளியே கிடையாது. கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் பார்க்கும் உரிமை மாத்திரமே கிடைத்தது. இன்று அவ்வுதை பலித்தால் மேலும் 2 புள்ளி.

மூன்றாவது: 8 பேரும் 8 பேரும் தோள்கோத்து, தேரைப் பின்னின்று தள்ளுவோர்போல் முட்டுவது ‘ஸ்கிரம்’. இது சண்டையன்று, கைதவறிப் பந்து முன்னே விழுதல் போன்ற சிறு பிழைகளின் பின் ஆட்டத்தை மீளத் தொடங்கும் முறை.

நான்காவது: மத்தியஸ்தரோடு வாதாடுதல் கூடாது. அணித்தலைவன் மாத்திரம் பணிவுடன் கேட்கலாம். 30 பலசாலிகள் ஓர் ஊதலுக்கு அடங்கும் இக்காட்சியை எமது வகுப்பறைகளில் யாம் கண்டதில்லை.

இவ்விலக்கணத்தை நேரிற் பயில விரும்புவோர், கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பொருதும் பிராட்பி கேடயப் போட்டிக்குச் செல்க. 1945 இல் தொடங்கிய இப்போட்டியில் ஓர் ஆட்டம் கண்டியிலும் மற்றது கொழும்பிலும் நிகழும். இரண்டின் புள்ளிகளையும் கூட்டியே கேடயம். ஆகவே முதலாட்டத்தில் வென்றோர் அவசரப்பட்டு மாலைக்குச் சொல்லிவிடுதல் விவேகமன்று.

இனி, பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. ‘றக்பி ஆடப் போகிறேன்’ என்று மகன் சொன்னதும் அன்னையின் நெஞ்சு துணுக்குறும். அது நியாயமே, தலையும் கழுத்தும் விளையாட்டுப் பொருள்களல்ல. ஆதலால் மற்றவற்றை மறந்தாலும் இதனை நெட்டுருச் செய்துகொள்க: தோளுக்கு மேலே பிடித்து வீழ்த்துதல் குற்றம். தலையில் அடிபட்ட மாணவனுக்கு மூளை அதிர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே, அவனை உடன் வெளியேற்றி வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அன்று அவன் மீண்டும் இறங்கலாகாது.

‘எனக்கு ஒன்றுமில்லை, ஐயா’ என்றுதான் பிள்ளை சொல்வான். கூட்டமும் கைதட்டி அவனை அழைக்கும். அவ்வேளையில் ‘போதும், வா தம்பி’ என்று சொல்லத் துணிந்தவரே இவ்விளையாட்டை முற்றக் கற்றவர். கேடயம் அடுத்த ஆண்டும் வரும்.