ஜிமிக்கி போட்ட காதுக்கு ஒரு ஹெட்போன்

மார்ச் பிறந்தால் போதும், என் போனில் வரும் விளம்பரங்கள் எல்லாம் ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். மகளிர் தினத் தள்ளுபடியாம். ரோஸ் இயர்பட்ஸ், கல் பதித்த போன் கவர், வாட்சுக்குப் பூப்போட்ட ஸ்ட்ராப். விலையைக் குறைத்திருப்பார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோஸ் நிறத்தோடு எனக்குப் பகையும் கிடையாது. ஆனால் பெட்டியைப் பிரித்தால், உள்ளே இருப்பது போன மாதம் ஆண்களுக்கு விற்ற அதே சரக்கு. பெண்ணுக்கென்று யோசித்தது பெயின்ட் மட்டும்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 2009 மே மாதம் டெல் நிறுவனம் பெண்களுக்கென்று 'டெல்லா' என்றொரு இணையதளம் திறந்தது. லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று அதில் யோசனைகள்: கலோரிக் கணக்குப் பார்க்கலாம், சமையல் குறிப்பு தேடலாம். ப்ராசஸர் எது, ரேம் எவ்வளவு என்று பார்க்க வந்த பெண்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே டெல் அந்த எழுத்தையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. அதைப் பார்த்தும் மற்றவர்கள் திருந்தவில்லை. 2012-ல் துபாயிலிருந்து 'ஈபேட் ஃபெம்' என்று ஒரு டேப்லெட் வந்தது. ஸ்கிரீனில் ரோஸ் பின்னணி; யோகா, எடைக் குறைப்பு, மளிகைப் பட்டியல் ஆப்கள் எல்லாம் முன்கூட்டியே ஏற்றித் தந்தார்கள். ஒரு ஆப்பை டவுன்லோட் செய்யக்கூட இவளுக்குத் தெரியாது என்று முடிவு கட்டிச் செய்த பொருள் அது.

இந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் நான் தனியாக எடுத்து வைப்பேன். 2011-ல் வந்த எச்டிசி 'ரைம்'. கத்தரிப்பூ நிறத்தில் ஒரு போன், கூடவே வயரின் நுனியில் ஒரு சின்னக் கட்டி. வயரைப் போனில் செருகி, கட்டியைக் கைப்பைக்கு வெளியே தொங்கவிட வேண்டும். அழைப்பு வந்தால் அது மினுக்கும். அன்று கேலி பேசியவர்கள் நிறைய. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. பெண்ணின் போன் சட்டைப் பையில் இல்லை, கைப்பையின் அடியில், குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் கீழே கிடக்கிறது என்பதை ஒரு கம்பெனியாவது கவனித்திருக்கிறதே!

பிறகு ஸ்மார்ட்வாட்ச் வந்து அந்த வேலையை உருப்படியாகச் செய்தது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும்போது மணிக்கட்டில் சின்னதாக ஓர் அதிர்வு. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் வாங்கும்போது டயலின் அழகை மட்டும் பார்க்காதீர்கள். வாட்சைத் திருப்பினால் பச்சை வெளிச்சம் மின்னும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதை வைத்துத்தான் அது நாடியைக் கணக்கிடுகிறது. வாட்ச் தோலோடு ஒட்டியிருந்தால்தான் இது நடக்கும். மெலிந்த மணிக்கட்டில் பெரிய டயல் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும். அதே கையில் வளையல்களும் இருந்தால் வாட்ச் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும், கண்ணாடியிலும் கீறல் விழும். இடது கையில் வாட்ச், வலது கையில் வளையல் என்று எச்எம்டி வாட்ச் காலத்து டீச்சர்கள் கட்டிய முறைதான் இதற்கும் சரி. காலடிக் கணக்கையும் முழுசாக நம்ப வேண்டாம். கை வீச்சை வைத்துத்தான் பெரும்பாலும் அது எண்ணுகிறது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தால், வாட்ச் கட்டிய கை அசையாததால் பாதி நடை கணக்கில் வராது. ஆனால் சப்பாத்தி மாவு பிசைந்தால் நடந்ததாக எழுதிக்கொள்ளும்.

காதுக்கு வருவோம். காதை முழுசாக மூடும் ஹெட்போன்கள் பார்க்க ஜோராக இருக்கும். ஜிமிக்கியோடு மாட்டிப் பாருங்கள். மெத்தை அழுத்த அழுத்த, கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்த ஆரம்பிக்கும். ஒரு மீட்டிங் முடிவதற்குள் காது சிவந்துவிடும். இந்தியாவில் கோடிக்கணக்கான பெண்கள் கம்மல் போட்டிருக்கிறார்கள். திருகாணியைக் கணக்கில் எடுத்து வடிவமைத்த ஒரு ஹெட்போனை இதுவரை நான் பார்க்கவில்லை. இந்த நிலையில் எனக்குப் பிடித்துப்போனது காது மடலின் ஓரத்தில் கிளிப் மாதிரி மாட்டும் இயர்பட்ஸ். ஹுவாவே 2023 டிசம்பரில் 'ஃப்ரீகிளிப்' கொண்டுவந்தது, அடுத்த வருஷமே போஸும் ஒன்று விட்டது. ஸ்பீக்கர் காதுத் துளைக்கு முன்னால், பேட்டரி மடலுக்குப் பின்னால், நடுவில் வளையும் ஒரு பாலம். கம்மல் தொங்கும் இடத்துக்கு அது வருவதே இல்லை. பார்ப்பவர்களுக்கு இன்னொரு நகை போலத்தான் தெரியும். காதை அடைக்காததால் பின்னால் வரும் பைக்கின் ஹாரனும் கேட்கும். பஸ் இரைச்சலில் பாட்டு அவ்வளவாகக் கேட்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது எல்லோரும் கேட்பது ஸ்மார்ட் மோதிரம். ஃபின்லாந்தின் ஊரா பிரபலமாக்கியது. பெங்களூருவின் அல்ட்ராஹ்யூமன் செய்கிறது. 2024-ல் சாம்சங்கும் இறங்கியது, அப்போது இந்திய விலை 38,999 ரூபாய். அதன் எடை மூன்று கிராமுக்குள், டைட்டானியம், புடவைக்கும் ஜீன்ஸுக்கும் பொருந்தும். தூங்கும்போது கையில் இருப்பதே தெரியாது. உடல் சூட்டின் சின்ன ஏற்ற இறக்கத்தை இரவெல்லாம் குறித்து, மாதவிலக்குச் சுழற்சியைக் கணிக்கிறது. இதை லேசாக எண்ணாதீர்கள். 2014-ல் ஆப்பிள் தன் ஹெல்த் ஆப்பை வெளியிட்டபோது உடம்பில் செலினியம் எவ்வளவு சேர்ந்தது என்றுகூடக் குறித்துவைக்க அதில் இடமிருந்தது; மாதவிலக்குக்கு இடமில்லை. அடுத்த வருஷம்தான் சேர்த்தார்கள்.

ஆனாலும் மோதிரத்தை வாங்குமுன் ஒன்றை யோசியுங்கள். தங்க மோதிரம் இறுக்கமானால் ஆசாரியிடம் கொடுத்துப் பெரிசாக்கலாம். இதற்குள் பேட்டரியும் சர்க்யூட்டும் வளைந்து உட்கார்ந்திருப்பதால் யாரும் தொட முடியாது. வெயில் காலத்திலும் கர்ப்ப காலத்திலும் விரல் வீங்கும். அளவு பார்க்கும் மாதிரி வளையங்களைத் தருவார்கள். அதை ஒரு பகலும் இரவும் போட்டிருந்துவிட்டு முடிவு செய்யுங்கள். பேட்டரி தேய்ந்துபோனால் மாற்றவும் வழியில்லை. அவசரத்துக்கு அடகு வைக்கவும் முடியாது.

பாதுகாப்பு நகைகள் என்று ஒரு ரகம் விற்கிறார்கள். பட்டனை அழுத்தினால் வீட்டுக்குச் செய்தி போகும் டாலர், பிரேஸ்லெட். நல்ல எண்ணம்தான். ஆனால் 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் எல்லா போனிலும் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்பது அரசின் விதி. அந்த டாலரை வாங்குவதற்கு முன், உங்கள் போனில் அந்தப் பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று இன்றே செட்டிங்ஸில் பார்த்துவிடுங்கள்.

சரி, அவசரத்தில் அழுத்த அந்தப் போன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாமா? என் குறையே இங்குதான். 2018-ல் 'தி புடிங்' என்ற அமெரிக்க இணைய இதழ், 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களின் முன்பாக்கெட்டை அளந்தது. பெண்கள் ஜீன்ஸின் பாக்கெட், ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. ஜீன்ஸுக்கே அந்தக் கதி என்றால் நம் சுடிதாரைப் பற்றி என்ன சொல்ல? பாட்டிகளின் இடுப்பில் சுருக்குப்பை இருந்தது. உள்பாவாடையில் ஜிப் வைத்துத் தைத்துக்கொள்ளும் அம்மாக்கள் இருக்கிறார்கள். நைட்டிக்கு எப்படியோ பாக்கெட் கிடைத்துவிட்டது. வெளியே போகும் உடுப்புக்கு மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் உலகத்துக்கே ஐபோன் பூட்டி அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோர் இளம்பெண்கள். ஷிப்ட் முடிந்து சொந்த உடுப்புக்கு மாறியதும், தங்கள் கையால் பூட்டிய போனை வைக்க அதில் இடமிருக்காது.

தையற்காரரிடம் பாக்கெட் கேட்டால் 'ஷேப் போய்விடும் மேடம்' என்பார். ஆண்களின் பேன்ட்டில் பர்ஸ், சாவி, போன் எல்லாம் உப்பிக்கொண்டு நிற்கும்போது யாரும் ஷேப் பற்றிப் பேசுவதில்லை.

பெரிய போன்கள் இப்போது 16 சென்டிமீட்டர் நீளம் வருகின்றன. பாக்கெட் 8 அங்குல ஆழம் இருந்தால் உட்கார்ந்து எழுந்தாலும் விழாது. அடுத்த முறை சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது போனைத் தையற்காரர் மேசையில் வைத்து, இது முழுசாக உள்ளே போக வேண்டும் என்று சொல்லுங்கள். ரெடிமேட் கடையில் பாக்கெட் இல்லாத குர்த்தியைத் திருப்பி வைக்கும்போது சும்மா வைத்துவிட்டு வராதீர்கள். எதனால் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.