வீடு அதிர்ந்தால் போதுமா?

வீட்டுக்குப் பெரிய டெலிவிஷன் வந்துவிட்டது. படம் பளிச்சென்று தெரிகிறது. சத்தம் மட்டும் சப்பென்று இருக்கிறது. "ஒரு சப்வூபர் வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது.

வாங்கலாம். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியின் வேலை

மனிதனின் காது, விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலியைக் கேட்கும். இதில் அடிமட்டத்தில் இருக்கும் கனத்த ஒலியை எழுப்புவதே சப்வூபரின் வேலை. இடி முழக்கமும் ரயில் ஓடும் சத்தமும் அந்த வகை. சிறிய ஒலிபெருக்கிகளால் இது முடியாது. ஆம்ப்ளிபையரும் பெட்டிக்குள்ளேயே இருந்தால், அது "பவர்டு" சப்வூபர்.

கடையில் வெடிச் சத்தம் நிறைந்த படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். நாற்காலி அதிர்கிறது. நெஞ்சு அதிர்கிறது. வந்தவர் மயங்கிப் பணத்தை எண்ணி வைக்கிறார்.

அதிர்வுதான் தரம் என்று நினைப்பது தவறு!

வலை கட்டிய தியேட்டர்

இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1974-ல் "எர்த்குவேக்" என்ற ஆங்கிலப் படம் வெளியாயிற்று. பூகம்பக் கதை. தியேட்டரே குலுங்கும்படி "சென்சரவுண்ட்" என்ற முறையில் ராட்சத ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். ஹாலிவுட் சைனீஸ் தியேட்டரில், கூரைக் காரை பெயர்ந்து ஜனங்கள் தலையில் விழாமல் இருக்க வலை கட்டினார்கள்!

ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆனாலும் சில ஆண்டுகளில் அந்த முறை மறைந்துவிட்டது. வெறும் அதிர்வு வேடிக்கைதான். தினமும் கேட்பதற்கு அது உதவாது.

வாட் மயக்கம்

பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் "பி.எம்.பி.ஓ." வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பக் கூடாது. "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருக்கும் கணக்கே உபயோகமானது. அதிலும் வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. இரு மடங்காகக் கேட்க, சுமார் 10 மடங்கு வாட் வேண்டும்!

அறையும் முக்கியம்

12 அடி நீள அறையில், விநாடிக்குச் சுமார் 47 அதிர்வுள்ள ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். சுவர் ஓரத்தில் பலமாகவும், அறையின் நடுவில் பலவீனமாகவும் கேட்கும். மூலையில் பெட்டியை வைத்தால் முழக்கம் இன்னும் கூடும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. உட்கார்ந்து கேட்கும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட வேண்டும். பிறகு சுவர் ஓரமாகக் குனிந்து தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே ஒலி சீராக இருக்கிறதோ, அங்கே பெட்டியை மாற்றி வைத்துவிடலாம். செலவு ஒரு காசும் இல்லை!

மூன்று சோதனைகள்

முதலாவது: மிருதங்கம் கேட்க வேண்டும். தொப்பியில் விழும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டு உடனே அடங்க வேண்டும். ஒன்றோடு ஒன்று கலந்து "கொம்" என்று இழுத்தால், அந்தப் பெட்டி வேண்டாம்.

இரண்டாவது: ஆண் குரல் கேட்க வேண்டும். பேச்சு சப்வூபரிலிருந்து வருவதாகத் தோன்றினால், "கிராஸ் ஓவர்" திருகைக் குறைக்க வேண்டும். 80 என்ற அளவு பெரும்பாலும் பொருந்தும்.

மூன்றாவது: சத்தத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும். இரவில் அப்படித்தானே கேட்க முடியும்? கனத்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். கதவைச் சாத்தினாலும் நிற்காது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும்.

நல்ல சப்வூபர் குழம்பில் உப்பு மாதிரி. இருக்கும்போது தனியாகத் தெரியாது. நிறுத்தினால்தான் குறை தெரியும். வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குவதே குடும்பத்தின் பணத்துக்குப் பாதுகாப்பு.