பெர்த்தா அரசியின் பொறுமை

இங்கிலாந்து நாடு கிறிஸ்தவ மறையை ஏற்ற வரலாற்றைப் பேசுவோர் 597ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். பாப்பரசர் பெரிய கிரகோரியார் அனுப்பிய புனித அகுஸ்தீனார், ஏறக்குறைய 40 துணைவர்களுடன் தானெத் தீவில் வந்திறங்கிய ஆண்டு அது. கென்ட் நாட்டு மன்னர் எத்தல்பெர்ட் மனந்திரும்பினார்; மக்களும் பின்தொடர்ந்தனர். ஆனால் அந்த விதை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஒரு பெண்ணின் கையால் ஊன்றப்பட்டது என்பதே என் கருத்து.

பாரிசிலிருந்து ஆண்ட பிராங்கு மன்னர் காரிபெர்ட்டின் மகள் பெர்த்தா. தம் மறையைத் தடையின்றிக் கடைப்பிடிக்கலாம் என்ற நிபந்தனையின் பேரிலேயே அவரைப் பெற்றோர் எத்தல்பெர்ட்டுக்கு மணமுடித்துக் கொடுத்தனர். லியுதார்ட் என்னும் ஆயரும் உடன் வந்தார். கன்டர்பரி நகருக்குக் கிழக்கே இருந்த புனித மார்ட்டின் கோவிலில் அரசி செபித்து வந்தார். அக்கோவிலில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது.

இத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்தும் கணவரை அவர் ஏன் மனம் மாற்றவில்லை என்று சிலர் கேட்கலாம். பாப்பரசரே 601ஆம் ஆண்டு எழுதிய கடிதத்தில், அரசியைப் புனித எலேனாவோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தபோதிலும், மன்னரின் மனத்தை முன்னமே திருப்பியிருக்க வேண்டும் என்று மென்மையாகச் சுட்டிக்காட்டுகிறார். பாப்பரசரின் சொல்லுக்குரிய வணக்கத்தோடு, அரசியின் சார்பில் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

மன்னர் அகுஸ்தீனாரை வரவேற்ற விதத்தைப் பாருங்கள்! மாயவித்தைக்கு அஞ்சித் திறந்த வெளியிலேயே அவர்களைச் சந்தித்தார். துறவியர் வெள்ளிச் சிலுவையையும், ஆண்டவரின் திருவுருவம் தீட்டிய பலகையையும் ஏந்தி வந்தனர். அவர்கள் கூறியதைக் கேட்ட மன்னர், தம் இனத்தார் நெடுங்காலம் போற்றியதை உடனே கைவிட இயலாது என்றார். ஆயினும் தங்க இடமும் உணவும் அளித்து, போதிக்கவும் அனுமதித்தார். அஞ்சியவருக்கு இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது? அந்த மறையின் கனிகளைத் தம் இல்லத்திலேயே அவர் கண்டிருந்தார் என்றே நான் நம்புகிறேன். துறவியர் முதன்முதல் கூடிச் செபித்ததும் அரசியின் அதே கோவிலில்தான்!

மறையை ஏற்றபின் மன்னர் எவரையும் வற்புறுத்தவில்லை. கிறிஸ்துவுக்குச் செய்யும் ஊழியம் மனமுவந்து செய்ய வேண்டியது என்று கற்றிருந்தார். இதை எழுதி வைத்தவர், 731ஆம் ஆண்டு தம் வரலாற்று நூலை முடித்த புனித பீட். 616ஆம் ஆண்டு மன்னர் இறந்ததும் என்ன நடந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. மகன் எயட்பால்ட் தந்தையின் மறையை ஏற்க மறுத்தார். மன்னரின் தயவை நாடியோ, அவருக்கு அஞ்சியோ மறையில் சேர்ந்திருந்தவர்கள் பழைய வழிக்கே திரும்பினர். எயட்பால்ட் பின்னரே மனம் மாறினார். அச்சத்தாலும் ஆதாயத்தாலும் வரும் பக்தி நிலைக்காது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

மனைவியின் நச்சரிப்புக்காக மன்னர் தலைசாய்த்திருந்தால், அவருடைய பக்தியும் அத்தகையதாகவே இருந்திருக்கும். பெர்த்தா தம் மறையை ஒளித்துவைக்கவும் இல்லை. கணவர்மீது திணிக்கவும் இல்லை. அன்புத் தோழியரே! நம்மோடு ஒரே பெஞ்சில் அமரும் வேற்றுச் சமயத் தோழியிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இதுவே அல்லவா? நம் செபத்தை நாம் தவறாமல் செய்வோம். அவள் செபத்தை மதிப்போம். மற்றதை இறைவன் பார்த்துக்கொள்வார்.