பில்காவிடம் எவரும் கேட்கவில்லை

மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ என்னும் புதினத்தைத் திருமறைக்கு எதிரானதென்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. நூலைத் திறவாமலே தீர்ப்பு வழங்குவது நமக்குப் புதிதன்று. கிலயாது என்னும் விவிலியப் பெயர் தாங்கிய அக்கற்பனை நாட்டில், மதிலில் தொங்கும் உடல்களுள் கறுப்பு அங்கி அணிந்த குருவானவரின் உடலும் ஒன்று என்பதை அவர்கள் அறிவார்களா?

அந்நாட்டின் ஆட்சியாளர் பெண்களை வீழ்த்திய விதமே நம் சிந்தனைக்குரியது. காகிதப் பணம் மறைந்து, செல்வமெல்லாம் கணிப்பொறிக் கணக்குகளில் அடங்கிவிட்ட காலம். பெண் என்று குறிக்கப்பட்ட கணக்குகள் ஒரே நாளில் முடக்கப்படுகின்றன. கதையின் நாயகி சிகரெட் வாங்கச் செல்கிறாள். அவளது எண் செல்லாதாம். அன்றே நூலக வேலையும் பறிபோகிறது. அவள் பணம் இனி கணவன் கையில். அவனோ கொடியவன் அல்லன். தான் பார்த்துக்கொள்வதாக அன்போடு தேற்றுகிறான். என்னை நடுங்க வைத்தது மதிலன்று, அந்த அன்புதான்.

கற்பனைதானே என்பீர்கள். 2012-இல் சவூதி அரேபியாவில், பெண் நாட்டைவிட்டு வெளியேறினால் அவளுடைய ஆண் காப்பாளரின் கைப்பேசிக்குச் செய்தி சென்றது. 21 வயது நிறைந்த பெண்கள் அவன் அனுமதியின்றிப் பயணம் செய்ய 2019-இல்தான் சட்டம் இடமளித்தது.

எஞ்சியதை அச்சம் செய்துவிடுகிறது. உடன் நடப்பவள் ஒற்றராயிருக்கலாம். ஆகவே ஒருத்தி மற்றவளிடம் வாய் திறவாள். கணுக்காலில் எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. வாசிப்பதும் குற்றம். திருநூல் பெட்டியில் பூட்டப்பட்டிருக்க, தலைவன் மட்டுமே எடுத்து வாசிப்பான். மலைப்பொழிவில் இல்லாத ஒரு பேறு, மௌனம் காப்போர்க்கென்று, பெண்களின் காதில் ஓதப்படுகிறது. சரிபார்க்க அவர்களுக்கு வழியேது? திருமறைக்குப் பகைவர் யார், எழுதிய அம்மையாரா, பூட்டி வைத்த தலைவனா?

ராகேல் தன் பணிப்பெண் பில்காவைக் கணவனிடம் அளித்த நிகழ்ச்சியே கிலயாதின் சட்டமாகிறது. ஆயின் நாசரேத்தில் நடந்ததென்ன? வானதூதர் முதலில் அச்சத்தை அகற்றினார். பின் அக்கன்னியின் இசைவுக்காகக் காத்து நின்றார். அவரும் தம்மை ஆண்டவரின் அடிமை என்றே அழைத்தார். எனினும் அச்சொல் அவரது வாயிலிருந்து வந்தது, பிறர் சுமத்தியதன்று. இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியவர்கள் நாம். தொடக்கநூல் 30-ஆம் அதிகாரத்தைப் பில்காவின் பக்கம் நின்று விளக்கிய மறையுரை ஒன்றைக்கூட இதுவரை நான் கேட்டதில்லை.