பழைய யந்திரமும் புதிய பொறுப்பும்

அமெரிக்க நாட்டில், வீட்டுக் கொட்டகைகளிலும் மூடிப்போன தொழிற்கூடங்களின் மூலைகளிலும் துருவேறிக் கிடக்கும் பழைய தச்சு யந்திரங்களைத் தேடியெடுத்து, அவை இன்னவையென்று கண்டறிந்து, செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்வதில் விருப்பங் கொண்டோர் பலர் உளர். இம்முயற்சியை நாம் மனமாரப் போற்றுகின்றோம். உழைக்கக்கூடிய யந்திரத்தை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குப் போடுவது செல்வத்தை அழிப்பதேயாகும். ஆயினும், துருவை நீக்குவதில் செலுத்தும் கவனத்தில் பாதியையேனும் தாம் மேற்கொள்ளும் பொறுப்பின் மீது இவர்கள் செலுத்துகிறார்களா என்று கேட்க வேண்டியிருக்கின்றது. ஒரு யந்திரத்தின் சரித்திரமே இக்கேள்வியை எழுப்புகின்றது.

ஷாப்ஸ்மித் என்பது அதன் பெயர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் வகுத்தது. 1947-இல் மாக்னா எஞ்சினீரிங் ஸ்தாபனத்தாரால் வெளியிடப்பட்டு, மாண்ட்கோமரி வார்டு கடைகளின் வழியே குடும்பஸ்தர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு இணையான குழாய்கள்; அவற்றின் மேல் நகரும் ஒரு தலைப்பகுதி; அதில் சுழலும் ஒரே தண்டு. அத்தண்டில் வட்ட ரம்பத்தை மாட்டினால் மரம் அறுக்கலாம். தகட்டில் உப்புத்தாளை ஒட்டி மாட்டினால் தேய்க்கலாம். துளையிடும் அலகைப் பூட்டிக் கிடையாகத் துளைக்கலாம். குழாய்களையே நிமிர்த்தி நிறுத்திச் செங்குத்தாகவும் துளைக்கலாம். மரத்தைக் கடையவும் செய்யலாம். ஐந்து யந்திரங்கள் பிடிக்கும் இடமும் பொருளும் இல்லாத சிறு வீட்டுக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய வரப்பிரசாதமென்று சொல்லத் தேவையில்லை.

பழைய ஷாப்ஸ்மித் ஒன்று கைக்கு வருமாயின் முதல் வேலை அதன் வகையை அறிவதே. பெயர்த்தகடு உதிர்ந்திருக்கலாம். முன்னிருந்தவர் பூசிய வர்ணம் எழுத்துக்களை மூடியிருக்கலாம். எனினும் யந்திரத்தின் அமைப்பு பொய் சொல்லாது. மோட்டார் தலைப்பகுதிக்கு வெளியே தனியாக நின்று, பெல்ட்டும் படிக்கப்பியும் கொண்டு தண்டைச் சுழற்றுமாயின் அது 1950-களின் முற்பகுதி வரை வந்த 10ஈ, 10ஈஆர் என்னும் முந்திய வகை. மோட்டார் தலைப்பகுதிக்குள்ளேயே அடங்கி, ஒரு குமிழைத் திருப்பிய அளவில் நிமிஷத்துக்கு 700 முதல் 5,200 சுற்று வரை வேகம் மாறுமாயின் அது பிந்திய மார்க் 5. கை மாறிக் கை மாறி வந்த யந்திரங்களில் ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஏறியிருப்பதும் உண்டு. இதையறியாமல் உதிரி உறுப்பு தேடுகிறவன் பணத்தையும் இழப்பான். சில வேளை அதைவிடப் பெரியதொன்றையும் இழப்பான்.

பெரியது என்று நாம் சொல்வது வீண் பயமுறுத்தலன்று. 1955-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு கலிபோர்னியாவில் ஒரு மனைவி தன் கணவருக்கு ஷாப்ஸ்மித் ஒன்றைப் பரிசாக வாங்கியளித்தாள். கடைக்காரர் அதை இயக்கிக் காட்டியதை அவர் முன்னமே பார்த்திருந்தார். உற்பத்தியாளரின் விளம்பரப் புஸ்தகத்தையும் படித்திருந்தார். 1957-இல் கடைசலுக்கு வேண்டிய உறுப்புக்களை வாங்கிச் சேர்த்து, பெரிய மரக்கட்டை ஒன்றைப் பானபாத்திரமாகக் கடையத் தொடங்கினார். பல முறை தடங்கலின்றி வேலை நடந்தது. பிறகு ஒரு முறை கட்டை திடீரென்று பிய்த்துக்கொண்டு பறந்து அவருடைய நெற்றியில் மோதிற்று. காயம் கடுமையானது. காரணம் என்ன? மரத்தின் மறுமுனையைத் தாங்கும் பின்தாங்கியை இறுக்கி வைக்கும் சிறு திருகாணிகள் போதாதவை. யந்திரத்தின் சாதாரண அதிர்ச்சியிலேயே தாங்கி மெல்ல மெல்ல விலகிவிட்டது என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். இன்னும் உறுதியாகப் பிணைக்கும் வழிகள் இருந்தன, அவற்றைக் கையாண்டிருந்தால் விபத்து நேர்ந்திராது என்றும் சொன்னார்கள்.

இதுவே கிரீன்மன் எதிர் யூபா பவர் பிராடக்ட்ஸ் என்று சட்டம் படித்தவர் அனைவரும் அறிந்த வழக்கு. (சட்ட மாணாக்கர்களுக்கு வழக்கின் பெயர் நினைவிருக்கும், திருகாணி மறந்துபோகும், தச்சர்களுக்குத் திருகாணி தெரியும், வழக்குத் தெரியாது!) ஜூரர்கள் கடைக்காரரை விடுவித்து, உற்பத்தியாளர் 65,000 டாலர் கொடுக்க வேண்டுமென்றார்கள். விபத்து நேர்ந்து பத்தரை மாதம் கழித்தே வாதி நோட்டீஸ் கொடுத்தார், ஆகவே உத்தரவாதச் சட்டப்படி வழக்கு நில்லாது என்று உற்பத்தியாளர் தரப்பில் வாதிக்கப்பட்டது. 1963 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நியாயஸ்தலத்தில் நீதிபதி ரோஜர் டிரெய்னர் அவ்வாதத்தைத் தள்ளினார். வாங்குவோர் பரிசோதியாமலே உபயோகிப்பார்கள் என்று அறிந்து சரக்கைச் சந்தைக்கு அனுப்பியவன், அதன் குறையால் தேகஹானி நேர்ந்தால், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பாளியே என்பது அவர் நிலைநாட்டிய விதி. 1944-இலேயே வேறொரு வழக்கில் தனித்து நின்று அவர் சொன்ன கருத்து, பத்தொன்பது ஆண்டு கழித்து இவ்வாறு சட்டமாயிற்று.

நிற்க. அந்தத் தீர்ப்பு உற்பத்தியாளனைப் பற்றியது. பழையதைப் புதுப்பித்து விற்பவனுக்கு அதனால் என்ன, வாங்குகிறவன் கண்ணைத் திறந்து வாங்கட்டுமே என்று சிலர் சொல்லக்கூடும். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. துருப்பிடித்த யந்திரம் தன் வயதைத் தானே சொல்லிவிடும். அதைக் கண்டவன் எச்சரிக்கையாயிருப்பான். புது வர்ணம் பூசி, மெருகேற்றிய குழாய்களோடு நிற்கும் யந்திரமோ அந்த எச்சரிக்கையைக் கலைத்துவிடுகிறது. வாங்குகிறவன் பரிசோதியாமலிருப்பதற்கு ஏற்ற தோற்றத்தை அதற்குத் தந்தவன் யார்? புதுப்பித்தவனே அல்லவா? பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள கட்டை, மார்க் 5-இன் மிகக் குறைந்த வேகமான 700 சுற்றில் ஓடினாலும் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 25 மைல் வேகத்தில் செல்கிறது. அது முகத்துக்கு நேரே வருமானால் வர்ணத்தின் அழகு யாருக்கு வேண்டும்?

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையிலேயே நடந்திருக்கின்றது. 1986-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்டு 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரக்கின் குறையால் விளையும் தீங்குக்கென்றே தனி அத்தியாயம் வகுத்திருக்கின்றது. விற்பனைக்கு முன் ஒரு பொருளை மறு உற்பத்தி செய்கிறவனையும் அது உற்பத்தியாளன் என்ற சொல்லுக்குள் அடக்குகின்றது. தன் சொந்த உபயோகத்துக்காகப் பழுது பார்த்தவனை இது தொடாது. புதுப்பிப்பதையே வியாபாரமாக நடத்துகிறவன் இதற்கு வெளியே நிற்பதாக எண்ணுவது துணிச்சலென்பதே நம் அபிப்பிராயம்.

ஆகையால், புதுப்பிக்கிறவர்கள் செய்யவேண்டிய வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். வர்ணம் கடைசியில் வரட்டும். முதலில் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்து, மரை தேய்ந்தவற்றை எறிந்துவிட்டுப் புதியவை போடட்டும். பின்தாங்கியை இறுக்கி, அதை ஒட்டிக் குழாயின் மேல் பென்சிலால் ஒரு கோடிட்டு, சிறிய கட்டையை மாட்டி ஒதுங்கி நின்று சில நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் தாங்கி விலகுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அக்காலத்து மின்கம்பிகளின் உறை வெடித்திருக்கும்; நிலத்தோடு இணைக்கும் மூன்றாவது கம்பி பெரும்பாலும் இராது. இரண்டையும் சரி செய்யாமல் விசையைத் தொடலாகாது. யந்திரத்தை விற்பதாயின், அது எந்த வகை, எவ்வுறுப்பு அதற்குரியது, எது வேறு வகையிலிருந்து எடுத்துச் சேர்த்தது, எதை மாற்றினோம், எதைச் சோதித்தோம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, சாவிகளோடும் உறுப்புக்களோடும் சேர்த்து வாங்குகிறவர் கையில் கொடுக்க வேண்டும்.