சாபம் யாருக்கு வசதி?

பாஸ்டன் நகரத்து ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 1903இல் நடந்த முதல் உலகத் தொடரையே வென்ற அணி. 1912, 1915, 1916, 1918 என மேலும் நான்கு முறை வாகை சூடிய அணி. பேப் ரூத் என்னும் மாபெரும் ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றது. அன்று பிடித்த சாபம் 86 ஆண்டு வறட்சிக்குப் பின் 2004இல்தான் விலகியது. கேட்கச் சுவையான கதை. நம் இலக்கிய நண்பர்கள் சிலரும் இதை நவீனத் தொன்மம் என்று கொண்டாடக் கேட்டிருக்கிறோம். அவர்களோடு நமக்கு வழக்கு உண்டு.

விற்பனை நடந்தது மெய்தான். 1919 டிசம்பர் இறுதியில் அணியின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேசி ஒரு லட்சம் டாலருக்கு ரூத்தை விற்றார். பெரிய கடனும் வாங்கிக்கொண்டார். வெய்ட் ஹாய்ட், ஹெர்ப் பென்னாக் முதலிய பந்து வீச்சாளர்களும் அடுத்தடுத்து அதே வழியில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். 1923இல் யாங்கீஸ் தன் முதல் உலகத் தொடரை வென்றது இவர்களைக் கொண்டே. ரெட் சாக்ஸோ 1922 முதல் 1932 வரை பதினொரு பருவங்களில் ஒன்பதில் கடைசி இடம். விதைநெல்லை விற்றவன் வீட்டில் அறுவடை இல்லையென்றால் அதற்குப் பேயைத் தேடுவானேன்? போகட்டும், அந்தச் சாபமாவது பழையதா என்றால் அதுவும் இல்லை. 1990இல் டான் ஷானெசி என்னும் பத்திரிகையாளர் எழுதிய நூல்தான் அதை ஊரறியச் செய்தது.

1933இல் அணியை டாம் யாக்கி வாங்கினார். பெருஞ்செல்வர். பணத்தை வாரியிறைத்தார். டெட் வில்லியம்ஸ் போன்ற ஒப்பற்ற மட்டையாளர் அவர் காலத்தில் ஆடியவர். ஆகவே 1933க்குப் பிந்தைய தோல்விகளுக்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். சாபக்கதை அந்தத் தேடலைத்தான் தடுக்கிறது.

1945 ஏப்ரல் 16 அன்று ஃபென்வே பார்க் மைதானத்துக்கு மூன்று கறுப்பின ஆட்டக்காரர்கள் தேர்வுக்கு வந்தார்கள்: ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். அணி மனமுவந்து அழைத்ததன்று. ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கான அனுமதியை எதிர்ப்பேன் என்று நகரசபை உறுப்பினர் இசடோர் மச்னிக் நெருக்கியதால் நடந்தது. மூவரும் ஆடிக் காட்டினார்கள். பிறகு அணியிடமிருந்து அழைப்பே வரவில்லை. ராபின்சன் 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இறங்கி, பெரும் லீக்குகளில் அதுவரை நின்ற நிறத்தடையை உடைத்தார். ஜெத்ரோ அதே பாஸ்டன் நகரத்தில் பிரேவ்ஸ் அணிக்கு ஆடி, 1950இல் தேசிய லீக்கின் சிறந்த புதுமுகம் எனப் பெயர் பெற்றார். 1949இல் பர்மிங்ஹாமில் வில்லி மேஸ் என்னும் இளைஞனைப் பார்த்தும் ரெட் சாக்ஸ் வேண்டாமென்று விட்டது. அவ்விளைஞன் பின்னாளில் 660 ஹோம் ரன்கள் அடித்தவர்.

இனி அதே ஆண்டுகளின் பட்டியலைப் பாருங்கள். 1946 உலகத் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை வந்து தோல்வி. 1948இல் பருவ முடிவில் சமநிலை; அதைத் தீர்க்க ஆடிய ஒற்றை ஆட்டத்தில் கிளீவ்லாந்திடம் தோல்வி. அந்தக் கிளீவ்லாந்து அணியில் லாரி டோபியும் சாட்செல் பேஜும் இருந்தார்கள், இருவரும் கறுப்பினத்தவர். 1949இல் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் யாங்கீஸ் முந்தியது. அவ்வாண்டு தேசிய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? ஃபென்வே பார்க்கிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ராபின்சனுக்கு.

யாங்கீஸ் அணியிலும் 1955 வரை கறுப்பினத்தவர் இல்லையே, அவர்கள் வெல்லவில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். யாங்கீஸின் ஒதுக்கலும் இழிவே. ஆனால் எண்ணிறந்த திறமையைச் சேர்த்து வைத்திருந்தவர்களால் அந்த இழிவின் விலையைச் சில காலம் தாங்க முடிந்தது. ஓர் ஆட்டத்தில் நழுவவிட்டவர்களுக்கு அந்த வசதி ஏது? ரெட் சாக்ஸ் பம்ப்சி கிரீனை இறக்கியது 1959 ஜூலையில். அன்றைய பெரும் லீக் அணிகளுள் கடைசி அணி அதுவே. அதற்குள் ராபின்சன் ஆடி முடித்து ஓய்வே பெற்றுவிட்டார்.

சாபக்கதையின் இன்னொரு கொடுமை, அது கூலிக்காரனைப் பலி கேட்கிறது. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து உருண்டோடியதை உலகமே பார்த்தது. பந்து அவரிடம் வருமுன்பே மெட்ஸ் அணி இரண்டு ரன் பின்னடைவைச் சமன் செய்துவிட்டதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஏழாவது ஆட்டம் ஒன்று மிச்சமிருந்தது. அதில் மூன்று ரன் முன்னிலை பெற்றும் பாஸ்டன் தோற்றது. பழி மட்டும் கணுக்கால் நொந்து நின்ற அந்த மனிதருக்கு. யாக்கிக்கோ, அவர் இறந்த மறு ஆண்டே 1977இல் மைதானத்துத் தெருவுக்கு அவர் பெயர். 1980இல் புகழ்மன்றத்தில் இடம்.

சிலப்பதிகாரம் படித்த நாம் இதற்கு ஏமாறலாமா? ஊழ்வினையை ஓங்கிச் சொல்லும் காப்பியந்தான் அது. ஆயினும் பாண்டியன் ஊழின் பின்னால் ஒளியவில்லை. தன் குற்றம் என்று உணர்ந்து வீழ்ந்தான்.

2004இல் ரெட் சாக்ஸ் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களைத் தோற்று, அடுத்த நான்கையும் வென்று, பின் உலகத் தொடரில் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்கே ஆட்டங்களில் வீழ்த்தியது. அந்த வெற்றியைத் தோளில் சுமந்தவர்களுள் டேவிட் ஓர்ட்டிஸ், பெட்ரோ மார்ட்டினஸ், மேனி ராமிரெஸ் மூவரும் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர்கள். 1945இல் இம்மூவரும் ஃபென்வே பார்க்குக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை வாசகர்களே கணிக்கலாம். அதன்பின் 2007, 2013, 2018 என மேலும் மூன்று வெற்றிகள். 2018இல்தான், அணியின் புதிய உரிமையாளர்களே கேட்டுக்கொண்டதன் பேரில், யாக்கியின் பெயர் நீக்கப்பட்டு அத்தெரு மீண்டும் ஜெர்சி தெரு ஆயிற்று.