சட்டத்துக்கு வெளியே

மலைநாட்டின் எழிலைப் படம் பிடிக்க வருவோரை நாம் வெறுக்கவில்லை. பனி மூடிய முகடும் அருவியும் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால், அம்மலைகளைத் தேயிலைப் பசுமையாக்கிய கரங்கள் படத்தில் எங்கே என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

1953இல் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் கம்பெனி ‘எலிபண்ட் வாக்’ படத்துக்காக இலங்கைக்கு வந்தது. துரையின் பங்களா, துரைசானியின் மனக்கலக்கம், யானைகளின் ஆவேசம் இவையே கதை. தொழிலாளருக்குக் கிடைத்த பெரிய பங்கு, காலராவில் மடிவது! 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பறிபோன இலட்சக்கணக்கானோர் அப்போது நாடற்றவராய்க் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். நாட்டின் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள், படச்சட்டத்துக்கும் வெளியே நின்றார்கள்.

இது பழைய வழக்கந்தான். போகவந்தலாவையில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1870களில் களுத்துறையில் எடுத்த படங்களில், ஆங்கிலச் சீமாட்டி மரியான் நார்த்துக்குப் பெயர் உண்டு. உழைப்பாளிகளுக்கோ ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற பொதுப்பெயரே!

இன்றும் ஹட்டன், நுவரெலியாச் சாலைகளில் கார்கள் நிற்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண் சிரிக்க வேண்டும். வெள்ளையர் காலத்து லயக் காம்பராவின் ஒழுகும் கூரை மட்டும் விழுந்துவிடக் கூடாது. காட்சி கெட்டுவிடுமாம்!

நம் மாணவர் கையிலும் இன்று காமிரா வந்திருக்கிறது. லயத்து வாசலிலிருந்து அவர்கள் எடுக்கட்டும். அட்டை கடித்த தாயின் கால்களை முதலில் எடுக்கட்டும்.